நூலாசிரியரே பதிப்பாளர்: வை.மு. கோதைநாயகி அம்மாளும் ‘ஜகன்மோகினி’யும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சொந்தச் செலவில் ஒரு தொகுதியை அச்சிட்டு, நண்பர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தவை போக எஞ்சிய படிகளைப் பரண்மேல் ஏற்றிவைக்கும் அனுபவம் இந்த அவையில் பலருக்குப் புதியதன்று. எழுதுவது ஒரு பாடு. அச்சேற்றுவது வேறொரு பாடு. அச்சேறியதை வாசகர் கையில் சேர்ப்பதோ அவ்விரண்டையும் விஞ்சிய பாடு. இம்மூன்றையும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் சுமந்தவர் ‘நாவல் ராணி’ என்று அழைக்கப்பெற்ற வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர். இலக்கிய வரலாற்று நூல்கள் அந்த எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்நாவல்கள் எவ்வாறு அச்சாகின, எவ்வாறு விலைபோயின என்ற கேள்வியில்தான் எழுதுவோர் அறிய வேண்டிய செய்தி இருக்கிறது.

தமிழில் நூல் வெளியிடுவதற்கு முதலாகப் பணம் திரட்டியவர்கள் பெரும்பாலும் பெரிய மனிதர்களின் வாசலில் நின்றவர்களே. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளிக்கொணர்ந்தபோது, முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் சேர்க்க அலைந்ததை எல்லோரும் அறிவர். பாரதியார் 1920-இல் வகுத்த திட்டம் இன்னும் பெரிது. தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகவும் நூலுக்குப் பதினாயிரம் படிகளாகவும் அச்சிடக் கருதி, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் புத்தகங்கள் வீடுதோறும் செல்லும் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டே அவர் மறைந்தார். திட்டம் தாளோடு நின்றது. வாசகர் உண்டு என்று கவிஞர் கணித்ததில் பிழையில்லை. அந்த வாசகரை எட்டும் வழியாகச் சில நண்பர்களின் பெருந்தொகையை நம்பியதில்தான் இடர்ப்பாடு இருந்தது.

நாவலாசிரியர்களும் அக்காலத்தில் தத்தம் வழியைத் தாமே வகுத்துக்கொண்டவர்கள்தாம். வடுவூர் துரைசாமி ஐயங்கார் ‘மனோரஞ்சினி’ வாயிலாகத் தம் நாவல்களைப் பரப்பினார். ‘பத்மாவதி சரித்திரம்’ தந்த அ. மாதவையா, அரசாங்க உப்பு இலாகாப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த அச்சுக்கூடம் அமைத்து, 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ தொடங்கினார். 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காக வாதாடிய நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அதே 1925-ஆம் ஆண்டில்தான் கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’யைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 24-கூட நிறையவில்லை. பள்ளிக்கூட வாசனை அறியாதவர். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதியை மணந்து புகுந்த வீடு வந்தவர். எழுத்து நன்கு கைவராத நிலையில், ‘இந்திரமோகனா’ என்னும் தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லத் தோழி ஒருவரைக் கொண்டு எழுதுவித்தவர். அவருடைய முதல் நாவல் ‘வைதேகி’. அதனைத் தம் இதழில் வெளியிட்ட வடுவூராரே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’யை வாங்கித் தாமே நடத்தும்படி அம்மாளுக்கு யோசனை கூறினார் என்பது வரலாறு. ஒரு நாவலாசிரியர் மற்றொரு நாவலாசிரியருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதனினும் சிறந்தது உண்டா என்பது ஐயமே. தம் சந்தையில் பங்கு கேட்கப் போகிறவருக்குக் கடை வைக்கக் கற்றுக்கொடுத்தார் அவர்!

இதழை வாங்கியதன் நுட்பம் மெல்லத்தான் விளங்கும். தனி நூலாக ஒரு நாவலை அச்சிடுவோர் தாள், கோப்பு, அச்சு, கட்டு ஆகிய அனைத்துக்கும் முன்பணம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மாத இதழில் அந்தக் கணக்குத் தலைகீழாகிறது. சந்தாதாரர் பணத்தை முன்னதாகவே செலுத்துகிறார். அதனைக் கொண்டு இம்மாத அத்தியாயம் அச்சாகிறது. அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகி எத்தகைய இக்கட்டில் விடப்பட்டாளோ அதுவே அடுத்த இதழுக்கான விளம்பரமாகிறது. கதை முடிந்ததும் அதுவே நூலாகிக் காரியாலயத்திலிருந்து தபாலில் செல்கிறது. அந்நூலைப் பற்றிய அறிவிப்புக்கு வேறு பத்திரிகைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சொந்த இதழின் அட்டை இருக்கிறது. பாரதியார் சில நண்பர்களிடம் நூறு நூறாகக் கேட்டதை இவ்வம்மையார் முகம் அறியாப் பலரிடம் சிறுசிறு தொகையாக, மாதந்தோறும் பெற்றார். வாசகரையே முதலாக்கிய ஏற்பாடு இது.

அதிலும் அந்த வாசகர் யார் என்பது கருதத்தக்கது. கடைத்தெருவுக்குச் சென்று புத்தகம் வாங்கும் வழக்கம் அந்நாளைய குடும்பப் பெண்களுக்கு இல்லை. நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்ற பேச்சு வீடுகளில் உரத்தே ஒலித்த காலம் அது. புத்தகக் கடை எட்டமுடியாத அந்த அடுக்களை வாசலைத் தபால்காரர் எட்டினார். பெண் ஒருத்தி எழுதி, பெண் ஒருத்தியே ஆசிரியராக இருந்து அனுப்பும் இதழ் என்பது, அதனை உள்ளே விடத் தயங்கிய பெரியவர்களுக்கும் ஒரு சமாதானமாக இருந்திருக்கலாம்.

பிற்காலத்தில் அம்மையார் சொந்த அச்சகமும் அமைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பெரிய விளம்பரச் சாதனம் அச்சகமன்று, அவருடைய குரல். அவர் இனிமையாகப் பாட வல்லவர். மேடையில் கதை சொல்லிக் கூட்டத்தைக் கட்டிப்போட வல்லவர். காங்கிரஸ் கூட்டங்களில் அவர் பேச்சுக்கும் பாட்டுக்கும் மக்கள் திரண்டனர். தேசப் பணிக்காக ஏறிய மேடையே அது. புத்தகம் விற்பதற்காக ஏறியதன்று. எனினும் மேடையில் கேட்ட பெயரை இதழின் அட்டையில் காணும்போது வாசகர்க்கு ஓர் உறவு பிறக்கத்தானே செய்யும்? கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டு 1930-களின் தொடக்கத்தில் சிறை சென்றபோதும் எழுத்து நிற்கவில்லை. ‘உத்தமசீலன்’ சிறையில் எழுதப்பெற்ற நாவல். இதழைக் கணவர் பார்த்தசாரதி கவனித்துக்கொண்டார். மனைவியின் எழுத்துக்குத் துணைநின்ற இவரைப் பற்றி நம் இலக்கிய வரலாறு போதிய அளவு பேசியதில்லை. 1942-இல் குண்டு வீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்தபோது, அம்மையாரின் குடும்பம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. தாள் தட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளையும் ‘ஜகன்மோகினி’ தாண்டிவந்தது.

இனி, இந்த ஏற்பாடு எழுத்தாளரிடம் வாங்கிக்கொண்ட விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சந்தா கட்டியவர்க்கு அத்தியாயம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கதை கனிந்ததா என்று இதழ் கேட்பதில்லை; தேதி ஆயிற்றா என்றே கேட்கிறது. அவருடைய நாவல்களில் காணும் நீண்ட அறிவுரைகளும், தற்செயல் சந்திப்புகளும், தீயோர் கடைசி அத்தியாயத்தில் மனம் திருந்துவதும் ஓரளவு காலத்தின் சுவை. ஓரளவு மாதக் கெடுவின் விளைவு. பதிப்பாசிரியர் வேறு ஒருவராக இருந்திருந்தால், ‘இந்த நாற்பது பக்கத்தைப் பத்தாகச் சுருக்குங்கள்’ என்று சொல்லியிருக்கக்கூடும். சொல்ல ஆளில்லை. ஆனால் அதே ஆளில்லாமையே, குடியின் கேட்டையும் வரதட்சணைக் கொடுமையையும் விதவையரின் துயரையும் எவர் அனுமதியும் கேளாமல் எழுதும் உரிமையையும் அவருக்குத் தந்தது. மணிக்கொடி வழிவந்த விமரிசனம் முதலாவதை மட்டும் கண்டு, இரண்டாவதைக் காணாமல் விட்டது. இந்த அவையில் விமரிசனம் எழுதுவோர் இருவேறு பக்கங்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

மற்றொரு விலை, அவர் காலத்துக்குப் பின்னரே தெரிந்தது. 1956-இல் ஒரே மகனைப் பறிகொடுத்தார். 1960 பிப்ரவரி 20-இல் அம்மையாரும் மறைந்தார். எழுதியவர், ஆசிரியர், பதிப்பாளர், விளம்பரம் செய்தவர் எல்லாம் ஒருவரே ஆதலால், அவரோடு அத்தனை வேலையும் ஒரே நாளில் நின்றது. மறுபதிப்புப் போட வேண்டும் என்ற கவலை எந்தப் பதிப்பகத்துக்கும் இல்லை; அவர் நூல்கள் எந்தப் பதிப்பகத்தின் பட்டியலிலும் ஏறியிருக்கவில்லை அல்லவா! ஆறு ஆண்டுகள் கழித்து, 1966-இல், அவருடைய ‘தயாநிதி’ நாவல் ‘சித்தி’ என்னும் திரைப்படமாகி ஊரெல்லாம் ஓடியது. படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்களில் மூலக்கதை யாருடையது என்று கேட்டவர் எத்தனை பேர்?

அண்மைக் காலத்தில் அவருடைய நாவல்கள் சில மறுபதிப்புப் பெற்றுள்ளன. பழைய படிகளைத் தேடிப் பாதுகாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 115-இல் எவை நிற்கும், எவை உதிரும் என்ற கணக்கை எடுப்பதற்கு முன்னர், அவற்றை வரிசையாகப் படித்தவர் ஒருவராவது வேண்டும். ‘வைதேகி’யிலிருந்து தொடங்க விரும்பும் இளம் ஆய்வாளர் எவரேனும் இந்த வட்டத்தில் இருப்பின், வீட்டுப் பரண்களையும், பாட்டிமார் கட்டித் தைத்து வைத்திருக்கும் பழைய இதழ்த் தொகுப்புகளையும் முதலில் இறக்கிப் பார்க்கலாம்.