இலையுதிர்காலத்தின் இசை



தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்காலம் என்று ஒன்றில்லை. மேல்நாட்டு இலக்கியத்தின் வாயிலாகவே அதனை நாம் பெரிதும் அறிந்தோம். மரங்கள் இலையுதிர்த்து, பகல் குறுகி, குளிர் தொடங்கும் பருவம் அது.

1819ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் ஆங்கிலத்துக்கு இரண்டு பெரும் பாடல்களைத் தந்தது. ஒன்று, ஒக்டோபரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அருகே ஷெல்லி எழுதிய 'மேலைக்காற்றுக்கு'. சருகுகளை அள்ளிச் செல்லும் காற்றைப் பாடிய அவர், இனி வரப்போகும் வசந்தத்தை நினைந்தே ஆறுதல் கொள்கிறார். மற்றது, அதற்குச் சில வாரங்கள் முன்னர், செப்டெம்பர் 19ஆம் திகதி, இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஜோன் கீற்ஸ் எழுதிய 'இலையுதிர்காலத்துக்கு'. அறுவடை முடிந்த அரிதாள் வயல்கள், வசந்தத்தின் பசுமையிலும் இதமாகத் தோன்றின என்று இரு நாட்களின் பின் நண்பர் ரெனோல்ட்ஸுக்கு அவர் எழுதினார்.

முப்பத்துமூன்று வரிகளே கொண்ட பாடல் அது. முதற்பகுதியில் கனிகள் முதிர்கின்றன. இரண்டாவதில் இலையுதிர்காலமே ஓர் ஆளாகிக் களஞ்சியத்தில் அமர்ந்திருக்கிறது. பாதி அறுத்த வயலில் உறங்குகிறது. மூன்றாவதில் மாலையாகிறது. வசந்தத்தின் பாடல்களைக் கவிஞர் ஒருகணம் நினைக்கிறார். உடனேயே அந்நினைவை விலக்கிவிடுகிறார். இப்பருவத்துக்கும் சொந்த இசை உண்டு: பூச்சிகளின் முரலல், வளர்ந்துவிட்ட செம்மறிக் குட்டிகளின் கத்தல், ரொபின் குருவியின் சீழ்க்கை, வானிற் கூடும் தகைவிலான் குருவிகளின் கீச்சொலி. அக்குருவிகள் தென்திசைக்குப் புறப்படப் போகின்றன. ஆனால், கவிஞர் அதைச் சொல்லவில்லை. குளிர்காலம் என்ற சொல்லே பாடலில் இல்லை.

இந்த அமைதி இழப்பை அறியாதவரின் அமைதியன்று. கீற்ஸ் மருத்துவம் பயின்றவர். 1818 டிசெம்பரில் தம்பி ரொம் காசநோயால் இறந்தபோது, அவரைப் பக்கத்திலிருந்து பராமரித்தவர். இப்பாடலை எழுதி ஐந்து மாதங்களுக்குள் தாமும் இரத்தம் இருமினார். 1821 பெப்ரவரி 23ஆம் திகதி ரோமில், இருபத்தைந்தாவது வயதில் மறைந்தார். பின்னர் வந்த அந்த மரணத்தைப் பாடலுக்குள் ஏற்றிப் படித்தல் பொருந்தாது. தம்பியின் பிரிவை மறந்து படித்தலும் பொருந்தாது.

ஷெல்லியின் நம்பிக்கை நமக்கு வேண்டியதே. ஆயினும், வசந்தம் திரும்பி வருவது மரத்துக்குத்தான். தம்பியை இழந்த தமையனுக்கு எந்தப் பருவமும் அவனைத் திருப்பித் தருவதில்லை. அந்த இடத்தில் நமக்குத் துணை நிற்பது கீற்ஸின் பாடல். விடைபெறும் பொழுதையும் அதன் முழு அழகோடு கேட்கலாம் என்று அது காட்டுகிறது.