தாம்பரம் பக்கத்தில் வீடு கைமாறும் விதம்



குரோம்பேட்டையில் வீடு நன்றாக விலைபோகிறதா, சேலையூரிலா, அல்லது கையில் இருப்பதைக் கொண்டு முடிச்சூர்ப் பக்கம் போய்விடுவது உத்தமமா என்ற விசாரம், உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் தாம்பரத்துக் குடும்பஸ்தர்கள் அநேகரிடம் இருக்கிறது. அதற்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். இந்த வட்டாரத்தில் சென்ற வருஷம் இத்தனை வீடுகள் விற்றன, அந்த வட்டாரத்தில் அதில் பாதிகூட விற்கவில்லை, ஆகையால் இது வளர்கிற இடம், அது தேங்கிய இடம் என்பார்கள். எண்ணில் பிழை இல்லாமலே இருக்கலாம். ஆனால் அது எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்று விசாரிக்காமல், ஓர் ஆயுட்காலச் சேமிப்பை அதை நம்பி ஒப்படைப்பது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தப் பக்கத்துப் பழைய குடியிருப்புகள் உண்டான விதத்தை முதலில் நினைவுகூர வேண்டும். 1928-இல் நல்ல காற்றை உத்தேசித்துக் காசநோய் மருத்துவமனை தாம்பரத்தில் எழுந்தது. 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. 1949-இல் சி. ராஜம் அவர்கள் தம் சொந்த மாளிகையை விற்று, அந்தப் பணத்தை மூலதனமாக்கிக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். இப்பிரதேசத்தின் சரித்திரத்தில் மிகப் பெரிய பலனைத் தந்த வீட்டுக் கிரயம் எது என்று என்னைக் கேட்டால், நகரத்தில் நடந்த அந்தக் கிரயத்தையே சொல்வேன். ரயிலையும் கல்லூரியையும் தொழிற்சாலையையும் விமானப்படை நிலையத்தையும் ஒட்டி, மாதச் சம்பளக்காரர்கள் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை வாங்கி, கடன் பெற்று வீடு கட்டி, கிணறு தோண்டி, தென்னையும் மாவும் வைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நாற்பது ஐம்பது வருஷம் அதே வீட்டில் இருந்தார்கள். விற்பதற்காக அவர்கள் வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு தெருவில் பத்து வருஷத்தில் இரண்டு வீடுகளே விலைக்கு வந்தன என்றால், மனிதர்கள் அங்கே நிலைத்து வாழ்ந்தார்கள் என்றே நான் அதற்குப் பொருள் கொள்வேன்.

இதை விளக்கமாகப் பார்க்க வில்லங்கச் சான்றைப் போன்ற சாதனம் வேறில்லை. குரோம்பேட்டை அல்லது கிழக்குத் தாம்பரத்துப் பழைய மனை ஒன்றின் வில்லங்கச் சான்றை விரித்தால், பொதுவாக இப்படி இருக்கும். முதலில் ஒரு கிரயப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் மனைப்பிரிவு போட்டவர், எழுதிப் பெற்றவர் ஓர் உத்தியோகஸ்தர். சொத்து விவரத்தில் மனை எண், சர்வே எண், அதன் கீழே நான்கெல்லை: வடக்கே இன்னாருடைய மனை, தெற்கே முப்பது அடி ரோடு என்று. இரண்டாவதாக ஓர் அடமானம், வீட்டுக்கடனுக்காக. பல வருஷங்களுக்குப் பின் அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது. அதன்பின் நெடுங்காலம் பதிவே இராது; அந்த இடைவெளியில்தான் ஒரு குடும்பம் தன் வாழ்வு முழுவதையும் நடத்தியிருக்கும். பிறகு தகப்பனார் மனைவிக்கோ மக்களுக்கோ எழுதிய செட்டில்மெண்ட், அல்லது உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரம். அதற்குச் சில மாதங்களில், கட்டுமானக்காரர் பெயருக்கு ஒரு பொது அதிகாரப் பத்திரம். அதன்பின் ஒரே வருஷத்துக்குள், பிரிபடாத மனைப்பங்கு முந்நூறு முந்நூறு சதுர அடியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிரயப் பத்திரங்கள்.

இந்தச் சான்றிலிருந்து விற்பனையை மட்டும் எண்ணுகிறவருக்கு, ஐம்பது வருஷம் உறங்கிக்கிடந்த இடம் திடீரென்று விழித்துக்கொண்டதாகத் தோன்றும். உண்மையில் பெற்றோர் காலமாகியிருக்கிறார்கள். மக்கள் பெங்களூரிலோ கலிபோர்னியாவிலோ இருக்கிறார்கள். வீடு இடிபட்டு எட்டு ஃபிளாட்டுகளாகியிருக்கிறது. ஜாயிண்ட் வெஞ்சர் என்று வழங்கும் பாதிப்பாதி ஒப்பந்தமானால், கட்டினவரின் நான்கு பங்குகளுக்கு நான்கு கிரயம் பதிவாகும். மனைக்காரர் தம் நான்கையும் விற்றால் எட்டு. இடிக்காமல் அப்படியே விற்றிருந்தால் ஒன்றுதான். ஒரே மனை, ஒரே குடும்பம், கணக்கில் மட்டும் ஒன்றும் நான்கும் எட்டும். அதுமட்டுமன்று, தாய் மகளுக்கு எழுதிய செட்டில்மெண்ட் விற்பனைக் கணக்கில் வரவே வராது. முத்திரைத் தீர்வை அதற்கு மிகக் குறைவு என்பதாலும், பழைய குடியிருப்புகளில் உரிமை மாறுவதே பெரும்பாலும் இந்த வழியில் என்பதாலும், வெளியிலிருந்து பார்ப்பவர் சலனமில்லை என்று எண்ணும் தெருவில் பாதி வீடுகள் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓசையின்றிப் போயிருக்கக்கூடும்.

எண்ணிக்கையாவது ஒருவாறு நம்பத்தக்கது. விலை விஷயம் அதைவிடச் சிக்கலானது. பத்திரத்தில் கிரயத் தொகையாகக் காணப்படுவது பல சமயங்களில் அரசின் வழிகாட்டி மதிப்பையே ஒட்டியிருக்கும் என்பது இப்பக்கத்துப் பத்திர எழுத்தர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அன்றிரவு யாரும் தம் வீட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்து விற்க முன்வரவில்லை. ஆயினும் பத்திரங்களை மட்டும் வைத்துக் கோடு போடுகிறவருக்கு விலை சரிந்துவிட்டதாகவே தெரியும். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்ப வந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதமாயிற்று. 2024 ஜூலையில் மதிப்புகள் மறுபடியும் திருத்தப்பட்டன. இதற்கிடையில் 2023 டிசம்பர் முதல், புதிய ஃபிளாட்டை மனைப்பங்குக்கு ஒரு பத்திரம், கட்டடத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று பிரிக்காமல், முழு மதிப்புக்கும் சேர்த்துப் பதியும் முறை வந்தது. ஆகவே 2022-ஆம் ஆண்டின் ஃபிளாட்டுக் கிரயத்தையும் 2024-ஆம் ஆண்டினுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவ்வளவு ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறார்.

பழைய வீட்டை வாங்குவதற்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். முழங்கால் வலியினால் மாடிவீட்டை விற்று, அடுத்த தெருவில் தரைத்தள வீடு வாங்க நினைக்கும் முதிய தம்பதிக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பதை யோசித்துப் பாருங்கள். விற்பனை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை ஒப்புமை செய்கிறவர்கள் ஏனோ சொல்வதில்லை.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மேலே இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாறு கரைபுரண்டபோது, அப்பகுதி வீடுகள் முதல் மாடி மட்டும் வெளியே தெரிய நின்றதையும், படகு கொண்டு ஜனங்களை மீட்டதையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்தத் துயரத்தின் நினைவு ஆறுமுன்னே, 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. முறையான அங்கீகாரத்துடன் போடப்பட்ட பழைய மனைப்பிரிவுகளை அது தொடவில்லை. ஊராட்சி எல்லைகளில் அவசரமாகப் போடப்பட்ட மனைகளை நேராகத் தாக்கியது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்த பிறகே அவற்றுக்கு வழி பிறந்தது. இடையே 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வேறு. அந்த வருஷங்களில் ஆற்றோரப் பகுதிகளில் ஒரு மனை விலைபோகாமல் நின்றது என்றால், வெள்ளத்துக்கு எவ்வளவு பங்கு, தீர்ப்புக்கு எவ்வளவு, ரொக்கமின்மைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த எண்ணாலும் ஆகாது. ஆனால் தண்ணீர் நின்ற உயரத்தை அண்டைவீட்டுக்காரர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். வாங்கப் போகிறவர் அதை அவசியம் கேட்க வேண்டும். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரியை ஒட்டிய தெருக்களுக்கும் இது பொருந்தும்.

மாதக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் பதிவு மெலியும். ஆவணியிலும் தையிலும் பெருகும். முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதிலாக 150 வழங்கப் பதிவுத்துறையே உத்தரவிடுகிறது. ஆகஸ்டு முற்பாதியையும் செப்டம்பரையும் ஒப்பிட்டு விற்பனை சூடுபிடித்தது என்று எழுதுவது நம் பஞ்சாங்கத்தை அறியாதவர் வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாகி, 70 வார்டுகளாகப் பிரிந்தன. பதிவேடுகளோ வார்டின்படி நடப்பதில்லை. வருவாய்க் கிராமத்தின்படியும் சர்வே எண்ணின்படியும் நடக்கின்றன. தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையின் மனைகள் பத்திரத்தில் ஜமீன் பல்லாவரம், நெமிலிச்சேரி என்ற பழைய கிராமப் பெயர்களில் இருக்கும். குடியிருப்போர் ஒரு பெயரால் அறியும் இடத்தைப் பதிவேடு இரண்டு மூன்று பெயர்களில் சிதறவைத்திருக்கும்போது, இந்தப் பகுதி, அந்தப் பகுதி என்று ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண்கள் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டவை என்பதே பெரும்பாலும் தெளிவாவதில்லை.

விவரங்கள் எல்லாம் இப்போது கணினியில் இருப்பதால், கிராமவாரியாக, தனிவீடு இத்தனை, காலிமனை இத்தனை, ஃபிளாட்டின் முதல் விற்பனை இத்தனை, மறுவிற்பனை இத்தனை, குடும்பத்துக்குள் மாறியவை இத்தனை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை வெளியிடுமானால், சாதாரணக் குடும்பஸ்தருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இராது. அதுவரையில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். நீங்கள் வாங்க நினைக்கும் மனைக்கு மட்டுமல்லாமல், அதே தெருவில் நான்கைந்து மனைகளுக்கும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விற்றவர்கள் வாரிசுகளா, கட்டுமானக்காரர்களா, வாங்கி இரண்டே வருஷத்தில் கைகழுவியவர்களா என்று பெயர்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய வேகத்திலேயே விற்றவர்கள் ஒரே தெருவில் மூன்று பேர் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அத்தெருவில் நீண்டநாள் குடியிருப்பவர் ஒருவரிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.