விதைக்கும் நாளில் வேண்டிய தகவல்

இந்தக் கருத்தரங்குக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்களையும், விவசாயத் துறை அதிகாரிகளையும், காலை அறுவடையை முடித்த கையோடு வந்திருக்கும் காய்கறித் தோட்டக்காரர்களையும் வரவேற்கிறேன். தலைமைப் பொறுப்பைத் தந்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு நன்றி.

வளரும் நகரங்களின் உணவைப் பற்றிப் பேச தாசேக் கெலுகோர் ஏற்ற ஊர். மலேசியாவின் செபராங் பிறை 2019 செப்டம்பரில் மாநகரத் தகுதி பெற்றது. அதன் வடபகுதியான இங்கே ஒரு பக்கம் வயல்வெளி, மறுபக்கம் புதிய வீடமைப்புப் பகுதிகள். கொமுட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த். விளைச்சலும் நகரமும் இவ்வளவு அருகில் இருந்தும், சத்தான உணவு தட்டுக்கு வந்து சேரவில்லை. மலேசியாவில் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் போதிய காய்கனி உண்பதில்லை என்று அதே 2019இன் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. அந்த ஆய்வின்படி பாதிப்பேருக்கு உடல் எடை அதிகமாக இருந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் ‘பிரைஸ்கேட்சர்’ செயலியில் எந்தக் கடையில் என்ன விலை என்று பார்க்கலாம். அந்தத் தரவுகள் பொதுமக்களுக்கும் திறந்தே இருக்கின்றன. வாங்குபவருக்கு இது நல்ல துணை. விளைவிப்பவருக்கு? காங்கோங் கீரை விதைத்து மூன்று, நான்கு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். அறுத்த பிறகு ஒருநாள் வெயில் தாங்காது. இன்றைய விலை ஏறியிருப்பதைப் பார்த்து எல்லாரும் காங்கோங் விதைத்தால், அடுத்த மாதம் எல்லாருடைய கட்டும் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும், விலை சரியும். விவசாயி கேட்பது இன்றைய விலையை அல்ல, அடுத்த மாதத் தேவையை.

2020 மார்ச் 18இல் பெருந்தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கேமரன் மலையில் காய்கறிகள் குப்பைக்குப் போயின. நகரவாசிகளோ காய்கறிக்கு அலைந்தார்கள். பிறகு இணைய விற்பனைத் தளங்கள் சில விவசாயிகளுக்குக் கைகொடுத்தன. ஆனால் விளைந்ததை விற்கத்தான் அவை உதவின. எதை, எவ்வளவு விதைப்பது என்பதைச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையை எண்ணிப் பாருங்கள். அன்றாட விலை எழுதிய பலகைதான் அங்கே முக்கியக் கருவி. விற்பவரும் வாங்குபவரும் ஒரே பலகையைப் பார்த்தார்கள்; இடைத்தரகர் மட்டும் அறிந்த விலை என்று ஒன்று இல்லாமல் போனது. நம் செயலிகள் எட்ட வேண்டிய நியாயம் அதுவே. அதற்கு மேலும் ஒரு படி போக இன்று நம்மால் முடியும்.

தேவையை முன்கூட்டியே அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, தொழிற்சாலை உணவகம், மருத்துவமனைச் சமையலறை ஆகியவை அடுத்த மாத உணவுப்பட்டியலை முன்னதாகவே வகுக்கக்கூடியவை. அந்தப் பட்டியல் கிலோ கணக்காகத் தோட்டக்காரரின் கைப்பேசிக்கு, அவருக்குப் புரியும் மொழியில், விதைப்புக்கு முன்பே வந்து சேர வேண்டும். வாங்குவதாகச் சொன்னவர் வாங்காவிட்டால் இழப்பு யாருக்கு? தரவைப் பதிவு செய்யும் வேலை யாருடையது? குறைந்த வருமானக் குடும்பத்துக்கும் அந்தக் கீரை கட்டுப்படியாகுமா? கட்டுரை படிப்போர் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தர வேண்டுகிறேன். நாளை நிறைவேற்றும் தீர்மானத்தில், இந்த வட்டாரத்தில் ஒரு பள்ளியும் சில தோட்டங்களும் சேர்ந்து செய்யும் சோதனைத் திட்டமாவது இடம்பெற வேண்டும்.

இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.