முந்திரியின் பூக்காலமும் பகையும்

பள்ளுருத்தியிலும் மட்டாஞ்சேரியிலும் குடியேறி வாழும் நம்மவருக்கு, மலையாளிகள் பறங்கிமாவு என்று சொல்லும் மரம் புதியதன்று. நாம் முந்திரி என்றும், குமரி மாவட்டத்தார் கொல்லாமரம் என்றும் வழங்குவது அதுவே. பிரேசில் நாட்டிற்குரிய இம்மரத்தைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். அவ்வரலாறே ‘பறங்கி’ என்னும் அடைமொழியில் நிற்கிறது.

மணற்பாங்கான நிலத்திலும் முந்திரி வளரும். ஆனால் வேரடியில் நீர் தேங்கினால் பொறாது. ஆகவே தாழ்ந்த கரையோர ஊர்களில் மேடான இடம் பார்த்து நடுதல் நலம். மழை ஓய்ந்தபின் விடும் புதுத் தளிர்களின் நுனியில், கார்த்திகை முதல் மாசி வரை பூங்கொத்துகள் தோன்றும். ஒரே கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்திருக்கும். இருபால் பூவே காய்க்கும். அவற்றுள்ளும் சிலவே முற்றும். முதலில் கொட்டை வளரும்; பிறகே அதன் காம்பு பருத்துப் பழமாகும்.

பூக்காலத்தில்தான் தேயிலைக் கொசுவும் வருகிறது. பெயர் கொசுவாயினும், இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இது குத்திய தளிரும் பூவும் பிஞ்சும் தீய்ந்தாற்போல் கருகும். மற்றொரு பகை, தண்டு துளைப்பான். அடிமரத்தில் பிசின் வடிந்து மரத்தூள் உதிர்ந்தால், புழு உள்ளே புகுந்ததென அறியலாம். தொடக்கத்திலேயே பட்டையைச் செதுக்கிப் புழுவை எடுத்துவிட்டால் மரம் பிழைக்கக்கூடும். பட்டுப்போன மரத்தை அகற்றிவிட வேண்டும்.

பூச்சியைக் கண்டதும் நஞ்சைத் தேடலாமா? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிப்பதற்காக, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்பானை ஆகாயத்திலிருந்து தெளித்தனர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் குழந்தைகள் பிறவிக் குறைபாடுகளோடு பிறந்தமை கண்டு மக்கள் போராடினர். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சுக்கு நாடெங்கும் தடை விதித்தது. கிணறும் குழந்தைகளும் அருகிலிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் நாம் இப்பாடத்தை மறக்கலாகாது.

இயற்கை நமக்கு ஒரு காவலனைத் தந்திருக்கிறது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு அது. மலையாளத்தில் நீறு என்பர். தேயிலைக் கொசுவை அது வேட்டையாடும். கடிக்கிறதே என்று அக்கூட்டைக் கொளுத்துவோர் தம் விளைச்சலையே கொளுத்துகின்றனர். பூக்காலம் வரும்போது, மருந்துக் கடையை நாடுமுன் மரத்தைச் சற்று அண்ணாந்து பார்ப்போமாக.