நிற்பவர் யார், உட்கார்ந்திருப்பவர் யார்?



மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் அதிகாரத்தைக் காட்ட வேண்டும் என்றால் ஒருவர் கத்துவார், மற்றவர் அழுவார். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால், அங்கே முதலாளி யார், தொழிலாளி யார் என்றே தெரியாது. நடிகர் நிற்கும் இடம், சட்டகம், வெளிச்சம் ஆகிய மூன்றும் வசனத்துக்கு முன்பே பேச வேண்டும்.

இதற்குப் பாடம் உள்ளூரிலேயே இருக்கிறது. உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் தோட்ட வாழ்க்கையை அறிந்த பெரியவர்களைக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டு. தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, எதிரே தண்டல். பதிவேட்டுடன் கிராணி. மேட்டில் துரையின் பங்களா. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தோட்டமே வகுத்து வைத்திருந்தது. சினிமாவில் இதற்குப் பெயர் பிளாக்கிங்.

சம்பள நாள் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிராணி உட்கார்ந்திருக்கிறார், தொழிலாளி நிற்கிறார். உயரமாகத் தெரிபவர் தொழிலாளிதான். ஆனாலும் அதிகாரம் கிராணியிடம் இருக்கிறது. ஏனெனில் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, காக்க வைக்கிறார். அப்போது தொழிலாளியின் மகன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருகிறான். ஒரு வார்த்தைகூட இல்லாமல் காட்சி தலைகீழாகிவிடும். 2016-இல் வந்த 'கபாலி'யில் நாயகன் கால்மேல் கால் போட்டு உட்காருவது ரசிகர்களைக் கவர்ந்ததும் இதனால்தான்.

அடுத்தது சட்டகம். கேமராவைக் கீழே வைத்தால் ஆள் பெரியவராகிவிடுவார் என்பது பாதி உண்மைதான். 1941-இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில், தேர்தலில் தோற்ற கேனைத் தரைமட்டத்திலிருந்து காட்டுவதற்காக ஆர்சன் வெல்ஸ் தளத்தில் பள்ளம் எடுத்தார். உருவம் பெரிதாகத் தெரிகிறது. மனிதரோ தோற்று நிற்கிறார். கோணத்தின் பொருளைக் கதைதான் முடிவு செய்கிறது.

மூன்றாவது வெளிச்சம். பெரட்டில் தண்டலின் கையில் மட்டும் டார்ச் லைட் இருப்பதாக வையுங்கள். ஒளி படும் முகம் சோதிக்கப்படுகிறது. விளக்கைப் பிடித்தவர் இருளில் பத்திரமாக நிற்கிறார். 1972-இல் 'தி காட்பாதர்' படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மேலிருந்து ஒளி பாய்ச்சி மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் வைத்தார். கண்ணைப் படிக்க முடியாதவரிடம் பயம் வருகிறது. இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு ஜன்னல், ஒரு விளக்கு, ஒரு வெள்ளை மணிலா அட்டை போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோட்டத்துப் பாட்டியை எப்போதும் மேலிருந்து, பரிதாபமாகவே படமெடுப்பது மாணவர்களிடம் பழக்கமாகிவிட்டது. அன்று மேட்டு பங்களாவிலிருந்து பார்த்த அதே பார்வைதானே இது? 2005-இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை'யையும், 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்'டையும் எடுத்து, மலேசியத் தமிழர் வாழ்க்கையைத் தமிழிலேயே திரைக்குக் கொண்டு வந்தார்கள். 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. பெரட்டில் நின்றவர்களும் குறைந்து வருகிறார்கள். நாளைய பிள்ளைகளுக்கு இந்தக் குறும்படங்களே சாட்சியாக நிற்கலாம். ஆகவே படத்தை முடித்ததும், ஒலியை நிறுத்திவிட்டு, தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பெரியவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இதில் துரை யார்?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், படம் பேசுகிறது என்று பொருள்.