சந்தைக்கு வழி எது?

(வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர்களுக்காக நமது பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நமதூர் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. 1670-களில் பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக இருந்த ஷேர்கான் லோடி, வாலிகண்டபுரத்திலிருந்து இவ்வட்டாரத்தை நிர்வகித்தார். கடல் கடந்து வந்த பிரெஞ்சு வணிகர்கள் புதுச்சேரியில் தங்குவதற்கு அவரிடமே அனுமதி பெற்றனர். அன்று அந்நியர்கள் நம்மூர் அதிகாரியிடம் இடம் கேட்டு நின்றார்கள். இன்று நம் பிள்ளைகள் திருச்சியில் விமானம் ஏறிச் சென்று பிறர் ஊரில் இடம் கேட்கிறார்கள். கேட்பதில் இழிவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்து செல்ல வேண்டும்.

கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனா வந்த முஹாஜிர்களை, அவ்வூர் அன்ஸாரிகளோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு வாய்த்த சகோதரர் சஅத் பின் ரபீஉ (ரலி). அவர் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். வந்தவரோ அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தைக்குச் செல்லும் வழியை மட்டும் கேட்டறிந்தார். அங்கே சென்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கினார். தன்மானத்திற்கு உதாரணமாக இதனை நாம் மிம்பரில் பலமுறை கூறியிருக்கிறோம். புது ஊரில் குடியேறுபவருக்கும் இது பாடம் என்பதை நாமே பரதேசம் சென்ற பிறகுதான் உணர்ந்தோம்.

2004-ஆம் ஆண்டில் வளைகுடா நாடொன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணிக்கு நாம் சென்றோம். விமான நிலையத்தில் வரவேற்றவர், பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டைக் கேட்டார், கொடுத்தோம். ஏழு மாதங்கள் கழித்து அத்தா மவுத்தான செய்தி வந்தது. வேலைக்கு அழைத்தவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். அலமாரிச் சாவி அவரிடம். பதினோரு நாட்கள் கழித்தே பாஸ்போர்ட் நம் கைக்கு வந்தது. நாம் ஊர் வந்தபோது கப்ரின் மண் காய்ந்திருந்தது. அவர் கொடியவரல்லர், சம்பளத்தை ஒருநாளும் தாமதித்ததில்லை. கேட்டதும் கொடுத்த நம் அறியாமைக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே முதலில் இதைச் சொல்கிறோம். பாஸ்போர்ட் இந்திய அரசின் உடைமை. உங்கள் கையில் அது அமானிதம். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைப்பதைத் தடுக்கிறது. விசா பதிவுக்காகக் கொடுத்தால், திரும்பும் நாளைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு நகல் கைப்பேசியில் இருக்கட்டும். இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்லும்போது, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அத்துடன் எடுக்கப்படும் காப்பீடு, விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக் கொள்ளலாம்" என்று சொல்லும் தரகர், இவ்விரண்டு பாதுகாப்பையும் உங்களிடமிருந்து பறிக்கிறார். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றமாகும்.

ஒப்பந்தத்தை வாசியுங்கள். அமீரகத்தில் வேலை வாக்குறுதிக் கடிதத்தைத் தமிழிலும் பெற வழியுண்டு, கேட்டுப் பெறுங்கள். மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பணி முடிந்து திரும்பும்போது கிடைக்கும் தொகை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் என்ற கணக்கில் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுகிறது. 1,500 திர்ஹத்தில் 600 மட்டுமே அடிப்படை என்றால், கணக்கு அந்த 600-க்குத்தான்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குருமாவுக்கென்று பெட்டியில் கசகசா பொட்டலம் கட்டாதீர்கள். அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். மகன் விமான நிலையத்திலேயே விசாரணைக்கு நிற்க நேரும். கோடீன், டிராமடால் கலந்த வலி, இருமல் மருந்துகளும் அவ்வாறே. மருத்துவர் சீட்டும் அந்நாட்டின் முன் அனுமதியும் இன்றி எடுத்துச் செல்லக் கூடாது. பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதும் வேண்டாம். வருத்தப்பட்டால் படட்டும்.

இனி, போய்ச் சேர்ந்த பிறகு. நம்மூர்க்காரர் அறை, இறங்கும் துறையாகும், வீடாகாது. பெட் ஸ்பேஸ் வாடகையிலும் மெஸ் செலவிலும் உங்கள் பங்கு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். அவர் வேண்டாம் என்பார், வற்புறுத்திக் கொடுங்கள். ஆறு பேர் உறங்கும் அறையில் ஏழாமவர் செலவு பற்றிப் பேசாதிருந்தால், இரண்டு மாதத்தில் அது மனத்தாங்கலாகி ஊர் வரை வந்து சேர்கிறது. இப்பள்ளியிலேயே அதற்குப் பஞ்சாயத்து பேசியிருக்கிறோம். அறைக்காரர்களுக்கும் சொல்கிறோம்: புதியவரை ஒரு மாதம் உட்கார வைத்துச் சோறு போடுவதைவிட, ஒரு விடுமுறை நாளில் உடன் அழைத்துச் சென்று பேருந்து, மெட்ரோ, மருத்துவமனை, பணம் அனுப்பும் இடம் ஆகியவற்றைக் காட்டுங்கள். சஅத் (ரலி) அவர்கள் காட்டிய வழி போன்றது அது.

துபையில் கட்டட வாசலில் மக்கானி எனும் பத்து இலக்க எண் பொறித்திருக்கும். உங்கள் கட்டடத்தின் எண்ணை எழுதி வைத்துக் கொண்டால், இருப்பிடம் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை. காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவது அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. இதை அறியாமல் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

பணத்தை உண்டியலில் அனுப்பாதீர்கள். வங்கி வழியாகவோ, உரிமம் பெற்ற பரிமாற்ற நிலையம் வழியாகவோ அனுப்பி ரசீதை வைத்துக் கொள்ளுங்கள். ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்றும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

மற்றொன்று. தொலைபேசியில் "சுகமாக இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பளம் வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லுங்கள். வீட்டார் நிலைமை அறிந்தால்தான் ஜமாஅத்துக்கு வருவார்கள். நாம் தூதரகத்துக்கு எழுத முடியும். மூன்று மாதம் மறைத்து வைத்து நான்காம் மாதம் சொன்னால், எங்கள் கையில் செய்வதற்கு மிச்சம் அதிகம் இருப்பதில்லை.

ஒப்பந்தத் தாள் கையில் உள்ளவர்கள் மஃரிபுக்குப் பின் பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள். அடிப்படைச் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம். வஸ்ஸலாம்.