ஒரு வீட்டுக்கு எத்தனை எண்கள்?



மைசூரு குவெம்புநகரில் முப்பதுக்கு நாற்பது மனையில் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே வீட்டுக்காரர், மாடியில் ஒரு குடித்தனம். மனையை ஒதுக்கிய நகர வளர்ச்சி ஆணையம், அதாவது ஊர்மக்கள் சொல்லும் மூடா, அந்த மனைக்கு ஒரு சைட் நம்பர் கொடுத்திருக்கும். மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் காத்தா எண் ஒன்று, சொத்து வரிக்கு வேறொன்று. மின்சார பில்லில் ஆர்.ஆர். நம்பர். வாணிவிலாஸ் நீர்நிலையத்தின் தண்ணீர் பில்லில் இன்னொரு எண். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எண். வீடு ஒன்றுதான். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் அது ஐந்தாறு இடங்களில் ஐந்தாறு வீடுகளாக இருக்கிறது.

இந்த ஐந்தாறு இடங்களிலும் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. இருந்தும், வீடு கைமாறினால் என்ன நடக்கிறது? பத்திரத்தை நகலெடுத்து மாநகராட்சியின் வலய அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே பெயர் மாறியதும் அந்தக் காத்தா நகலை மின்சார அலுவலகத்துக்கும் தண்ணீர் அலுவலகத்துக்கும் எடுத்துப்போகிறோம். ஒரு அரசு அலுவலகம் எழுதியதை இன்னொரு அரசு அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்கள் குடிமக்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு அந்த வரிசையில் நிற்பவரின் இழப்பு எந்த பட்ஜெட்டிலும் வருவதில்லை. உள்ளாட்சியில் செலவைக் குறைப்பது பற்றிப் பேசும்போது முதலில் இந்த இழப்பைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி ஆனதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு துறையும் தன்னிடம் இருந்த பேரேட்டை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய வேலை. கர்நாடகத்தின் பூமி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமக் கணக்கர்களின் கையில் இருந்த நிலப் பதிவுகளை, சுமார் 67 லட்சம் நில உடைமையாளர்களின் ஏறத்தாழ இரண்டு கோடிப் பதிவுகளை, 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று நடத்திய பணி அது. பஹணி என்று இங்கே சொல்லும் நிலப் பதிவுச் சான்று, நம் தமிழ்நாட்டுச் சிட்டா அடங்கல் போன்றது, தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு முன் கணக்கரைத் தேடி நடந்து, அவர் கேட்டதைக் கொடுத்து வாங்கிய சான்று அது.

ஆனால் பூமி ஒரு துறையின் பேரேடு மட்டுமே. நிலத்தை விற்றால் பத்திரம் பதிவது வேறு துறை. அந்தத் துறைக்கு காவேரி என்ற தனி மென்பொருள். பத்திரம் பதிவான செய்தி வருவாய்த் துறைக்குப் போய்ச் சேராத வரை, விற்றவர் பெயரே பஹணியில் நின்றது. அதே நிலத்தை இரண்டாவது ஆளுக்கு விற்கும் மோசடிக்கு அந்த இடைவெளி போதும். இரண்டையும் இணைத்த பிறகுதான், பத்திரம் பதிவானதும் தகவல் தானாகத் தாலுகாவுக்குப் போய், பெயர் மாற்றத்துக்கான மியூட்டேஷன் வேலை தொடங்கியது. விவசாயி செய்துவந்த ஒரு நடை குறைந்தது, அலுவலகத்தில் ஒருமுறை தட்டச்சு செய்வது குறைந்தது, நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய சில வழக்குகளும் முளையிலேயே குறைந்தன. சிக்கனம் என்று நான் சொல்வது இதைத்தான். புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை, இருந்த இரண்டைப் பேசவைத்தார்கள்.

நிலத்துக்கு நடந்தது நகரத்து வீட்டுக்கு அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. கிராமத்து நிலத்துக்கு சர்வே எண் இருக்கிறது. நகரத்து வீடுகளுக்கு அப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட ஓர் எண் இருந்ததில்லை. அதைச் சரிசெய்ய, நில அளவைத் துறை நகர்ப்புறச் சொத்துரிமைப் பதிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த நகரங்களில் மைசூருவும் ஒன்று. ஒவ்வொரு மனையையும் கருவி வைத்து அளந்து, ஆவணங்களைப் பார்த்து, வரைவு அட்டை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பிறகு சொத்து அட்டை தருவது திட்டம். நல்ல யோசனைதான், ஆனால் அளவெடுப்பு நீண்டது, ஆவணங்களைத் திரட்டுவது அதைவிட நீண்டது.

இன்னொரு பக்கம் நகராட்சித் துறை ஓசையில்லாமல் ஒரு காரியம் செய்தது. கர்நாடகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட நகர உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சொத்து வரிக்கு ஒரு மென்பொருள், தண்ணீர் பில்லுக்கு ஒரு மென்பொருள் என்று தனித்தனியே வாங்கினால் எவ்வளவு வீண்! பல ஊர்கள் கடைசியில் யாரும் பராமரிக்காத கம்ப்யூட்டர் பெட்டிகளோடு நிற்கும். அதற்குப் பதிலாக, கர்நாடக நகராட்சித் தரவுச் சங்கம் என்ற பொது அமைப்பு மென்பொருள்களை எல்லா ஊர்களுக்கும் சேர்த்துச் செய்தது. சொத்துக்கு இ-ஆஸ்தி, தண்ணீருக்கு ஜலநிதி, வியாபார உரிமத்துக்கு வியாபார், புகாருக்கு ஜனஹித. சின்ன ஊர் நகராட்சிக்கும் பெரிய மாநகராட்சிக்கும் ஒரே அச்சு. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 2013 முதல் இ-ஸ்வத்து என்ற தனி மென்பொருள். 2024 அக்டோபரில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தாவைக் கட்டாயமாக்கியபோது, பதிவுத் துறையின் காவேரியும் உள்ளாட்சியின் இ-ஆஸ்தியும் ஒன்றையொன்று பார்த்தே தீர வேண்டிய நிலை வந்தது. தொடக்கத்தில் பதிவுகள் தாமதமாயின, மக்கள் அலைந்தார்கள். அந்த வலி உண்மையானது. இத்தனை ஆண்டுகள் சரிபார்க்காமல் விட்ட பேரேட்டின் பாக்கி அது.

இணைத்தால் பணம் எங்கே மிச்சமாகும் என்று கேட்பீர்கள். ஒரு வீட்டின் தரைத்தளத்தில் கடை திறக்கிறார்கள். மின்சார நிறுவனம் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடும். மைசூரு, சாமராஜநகர், மண்டியா, குடகு, ஹாசன் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு மின்சாரம் தரும் செஸ்க் நிறுவனத்துக்கு அது கடை என்று தெரியும். மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கில் அது வீடாகவே பல ஆண்டுகள் இருக்கலாம், ஏனென்றால் இங்கே வரியைச் சொத்துக்காரரே கணக்கிட்டுக் கட்டுகிறார். ஏப்ரல் மாதம் கட்டினால் ஐந்து சதவீதத் தள்ளுபடி என்பதால் ஒழுங்காகக் கட்டுபவர்கள் முண்டியடித்து வருகிறார்கள். குறைத்துக் காட்டுபவரைக் கண்டுபிடிக்க வீடு வீடாக ஆள் அனுப்ப மாநகராட்சியிடம் ஆளில்லை. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வரி விகிதத்தை ஒரு காசு கூட்டாமலே வருவாய் கூடும்.

சாலை இன்னொரு உதாரணம். தார் போட்ட மறு மாதம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டுவதை மைசூருவில் மட்டுமா, மதுரையிலும் பார்க்கிறோம். குழாய் எங்கே போகிறது, கேபிள் எங்கே போகிறது, அடுத்து யார் எப்போது தோண்டப்போகிறார்கள் என்பது ஒரே வரைபடத்தில் இருந்தால், அந்தத் தார்ச் செலவு ஒன்றே மென்பொருள் செலவை ஈடுகட்டும் என்று நம்புகிறேன்.

இணைப்பில் கடினமான பகுதி எது என்று கேட்டால், கம்பியும் மென்பொருளும் இல்லை, பெயர்கள்தான். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நமக்கு முதலெழுத்து முன்னால் வரும், அது அப்பாவின் பெயர். பத்திரத்தில் ‘கே. செல்வராஜ்’. ஆதாரில் ‘செல்வராஜ் கே’. ரேஷன் அட்டையில் ‘செல்வராஜ் கிருஷ்ணன்’. கன்னடத்தில் எழுதும்போது எழுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே நிலம் கிடக்கும் வீடுகள் வேறு ஏராளம். வாரிசு பெயருக்கு மாற்றும் பௌதி காத்தா வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். ஆகவே பேரேடுகளைச் சேர்ப்பதற்கு முன், தெருவில் நடந்து வீட்டு வாசலில் நின்று சரிபார்க்கும் ஆட்களுக்குப் பணம் செலவழித்தே ஆக வேண்டும். முதல் ஆண்டிலேயே மிச்சம் காட்டுகிறோம் என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அவர் அந்த நடையை விட்டுவிடப்போகிறார் என்று பொருள்.

அந்த நடையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கர்நாடகமே பார்த்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு வாக்கில் போலி ரேஷன் அட்டைகளை ஒழிக்க, அட்டையோடு மின் இணைப்பின் ஆர்.ஆர். நம்பரைக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கு. போலிகளைப் பிடிக்க அது உதவும்தான். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் பில்லைக் காட்ட மறுத்தால் வாடகைக்கு இருப்பவர் எந்த எண்ணைக் கொடுப்பார்? மின்சாரக் கணக்குக்காக உண்டான எண்ணை வைத்து யாருக்கு அரிசி என்று தீர்மானித்தால், பலவீனமானவர்தான் முதலில் விழுவார்.

தெலங்கானாவில் இது இன்னும் பெரிதாக நடந்தது. பல துறைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து ரேஷன் அட்டைகளை ரத்து செய்தார்கள். கார் வைத்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொன்ன ஒருவரிடம் கார் இல்லை. அது ஏறத்தாழ அதே பெயருள்ள வேறொருவருடைய கார். ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை பசியோடு இருந்தவர்களின் நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. தரவைச் சேர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் சேர்த்த தரவு ஒருவரை விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லலாம், ஒருவரை நீக்கு என்று அது சொல்லக் கூடாது. நீக்குவதற்கு ஓர் அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இணைப்பை வேறு விதமாகவும் செய்யலாம். எஸ்தோனியா என்ற சின்ன நாடு 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற ஏற்பாட்டை நடத்திவருகிறது. எல்லாத் தரவையும் ஒரே கிடங்கில் கொட்டவில்லை. ஒவ்வொரு துறையும் தன் பேரேட்டைத் தானே வைத்திருக்கிறது, மற்றவர் கேட்டால் பாதுகாப்பான வழியில் பதில் சொல்கிறது. அரசு ஒருமுறை வாங்கிய தகவலைக் குடிமகனிடம் மறுபடி கேட்பதில்லை என்பது அங்கே கொள்கை. தன் தகவலை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகன் தானே பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதி நம் ஊரில் வந்தால், மாநகராட்சி மீது மக்களுக்கு நம்பிக்கை பல மடங்கு கூடும்.

இந்தப் பேரேட்டு இணைப்பும் சரிபார்ப்பும் மைசூருவுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகின்றன. நகரின் விளிம்பில் இருந்த கிராமங்களைச் சேர்த்து 2020இல் ஹூட்டகள்ளி நகரசபையும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகோலா ஆகிய பட்டணப் பஞ்சாயத்துகளும் உருவாயின. பெரிய மைசூரு மாநகராட்சியாக எல்லாவற்றையும் ஒன்றாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தப் பகுதிகளில் சில மனைகளின் பதிவு கிராமப் பஞ்சாயத்தின் இ-ஸ்வத்தில் தொடங்கியது, சில லேஅவுட்டுகளின் காத்தா மூடாவிடம் இருந்தது, ஒன்றாக்கினால் இனி மாநகராட்சிக்கு வரும். ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு மனை தொலையவும், ஒன்று இரண்டாகவும் வாய்ப்புண்டு. எல்லைக் கோட்டை மாற்றும் அறிவிப்பு வருவதற்கு முன்பே, வார்டு வாரியாக வரைவுப் பட்டியலை அச்சிட்டு, வலய அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் நூலகத்திலும் ஒட்ட வேண்டும். பெயர், மனை அளவு, மாடி எத்தனை, ஆர்.ஆர். நம்பர் எது என்று ஒரே வரியில் மக்கள் பார்த்து ஆட்சேபம் சொல்ல மூன்று மாதமாவது தர வேண்டும். ஆட்சேபத்தை வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். நேயர்களே, அதற்காகக் காத்திராமல் இந்த வாரமே உங்கள் பத்திரம், வரி ரசீது, மின்சார பில் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெயரோ அளவோ வேறுபட்டால், பட்டியல் வெளியாவதற்கு முன்பே வலய அலுவலகத்தில் திருத்த விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.